பச்சை டிக்குக்கு என்ன தெரியும்

திருப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், பிரிண்டரில் மாட்டிக்கொண்ட பேப்பரை எடுக்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். தெரியும். எடுத்தும் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் பிழைப்பு அதில் இல்லை. ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்குச் சொல்லும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரோகிராம்களை எழுதுவதும், மற்றவர்கள் எழுதிவிட்டுக் கைகழுவியவற்றைக் கட்டி மேய்ப்பதும்தான் என் வேலை. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மாடியறைதான் ஆபீஸ். பல்லடத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறேன். தனியார் பஸ்காரர்கள் மனசு வைத்தால் முழுதாக வந்து சேர்வேன்.

ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் போய்வந்தது இரண்டாவது வகை வேலைக்கு. அங்கே தையல் பிரிவுக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். கம்பெனிக்குள்ளேயே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச் இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது என்றால் அம்மாவை எப்படிக் கூப்பிடுவது? அதற்காக ஒவ்வொரு தையல் மெஷின் பக்கத்திலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கிரீன் பொருத்தியிருந்தார்கள். கிரெச்சில் ஆயாவிடம் ஒரு பெரிய ஸ்கிரீன். அதில் குழந்தையின் படத்தைத் தொட்டால், அம்மாவின் ஸ்கிரீனில் 'கிரெச்சுக்கு வரவும்' என்று எழுத்து வரும், பீப் அடிக்கும். அம்மா தொட்டு அழிக்கும்வரை எழுத்து அப்படியே நிற்கும். செய்தி போய்விட்டது என்பதற்கு அடையாளமாக ஆயா பக்கத்தில் பச்சையாக ஒரு டிக் விழும். எழுதிக் கொடுத்தது வெளியூர்க் கம்பெனி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அங்கிருந்து ஹெச்.ஆர். மேனேஜர் போன் செய்தார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். கிரெச் மெசேஜ் ஒண்ணு டெலிவரி ஆயிருக்குதான்னு லாக்ல பாத்து ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. ஒரு என்கொயரி ஓடீட்டு இருக்குதுங்க."

ஒண்ணுமில்லீங்க என்று ஆரம்பிக்கிற போனில் கட்டாயம் ஏதாவது இருக்கும். போனேன்.

நடந்தது இதுதான். ஓவர்லாக் மெஷினில் துணியின் ஓரம் தைக்கும் ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள், தன் இரண்டு வயது மகளை கிரெச்சில் விட்டிருந்தாள். நான் போனதற்கு இரண்டு நாள் முன்பு காலையில் குழந்தைக்கு மளமளவென்று காய்ச்சல் ஏறியது. ஆயா ஸ்கிரீனைத் தொட்டார். பச்சை டிக். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டார். மறுபடியும் பச்சை டிக். அம்மா வரவில்லை. மற்ற பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு ஆயா அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. கூப்பிட்டாகிவிட்டது, சூப்பர்வைசர் விட்டதும் வந்துவிடுவாள் என்று நம்பி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்து அம்மா உள்ளே வந்தபோது, ஆயாவின் மடியில் குழந்தை கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை பிழைத்துவிட்டது. நான் போன அன்று வீட்டில் அப்பாவோடு இருந்தது.

ஹெச்.ஆர். அறையில் ஆயா, அந்தப் பெண், அவளுடைய லைன் சூப்பர்வைசர் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலிகள் இருந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நானு ரெண்டு வாட்டி கூப்புட்டனுங்க சாமி. ரெண்டு வாட்டியும் டிக்கு உழுந்துச்சு. பொய் சொன்னா எங்கண்ணு அவிஞ்சு போயிரும்" என்றார் ஆயா. உள்ளூர்க்காரர், வயதானவர். பேசும்போது அழுதார்.

அந்தப் பெண் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமே வரலக்கா. காலைலயே பிள்ளைக்கு மேலு லேசா கதகதன்னு இருந்துச்சு. அதனால டீ குடிச்சிட்டு வந்து உக்காந்ததுல இருந்து நிமிந்து நிமிந்து அந்தப் பெட்டியத்தான் பாத்துகிட்டிருந்தேன்."

"எழுத்து தானா அழியாதுங்களே மேடம்" என்றார் சூப்பர்வைசர். "பாத்திருப்பாங்க, அழிச்சிருப்பாங்க, இதத் தச்சு முடிச்சுட்டுப் போலாம்னு உக்காந்திருப்பாங்க. அன்னைக்கு எங்க லைன்ல ஷிப்மெண்ட் அவசரமுங்க. நானே சத்தம் போட்டுட்டுத்தான் இருந்தேன்."

அவர் கெட்டவர் இல்லை. தான் போட்ட சத்தத்துக்குப் பயந்து ஒரு தாய் உட்கார்ந்துவிட்டாள் என்று உண்மையாகவே நம்பினார். அது அவரை உறுத்தியது. உறுத்தலை அவள்மேல் கோபமாகக் காட்டினார்.

விஷயம் அந்த அறையோடு நிற்கவில்லை. லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிள்ளையைவிடத் தைக்கிற பீஸ் பெருசாப் போச்சா என்று அவள் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். கம்பெனி வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "வீட்லயும் அதேதாங்க்கா" என்றாள். "டிக்கு விழுந்துச்சாமேன்னு கேக்காரு. பெத்தவ நான் சொல்லுதது பொய்யி, டிக்கு சொல்லுதது நெசம்."

போகிற செய்திகளை மெஷின் தானே குறித்துவைக்கும் பதிவேடுதான் லாக். அதைத் திறந்தேன். இரண்டு செய்திகளும் இருந்தன. இரண்டுக்கும் எதிரே 'அனுப்பப்பட்டது, வெற்றி' என்று இருந்தது. இரண்டும் டீ நேரத்தில். அவள் டீக்குப் போயிருப்பாளே என்று ஹெச்.ஆரிடம் அதையும் கேட்டுவிட்டேன். "டீக்குப் போயிருந்தா என்னங்க மேடம், திரும்பி வந்தா எழுத்து நிக்குமே" என்றார் ஹெச்.ஆர். நியாயமான கேள்விதான்.

"அப்ப பிரிண்ட் எடுத்துரலாமுங்களா?"

"பிரிண்டர் ரிப்பேருங்க" என்றேன்.

"காலைல ஓடுச்சுங்களே?"

"இனி ஓடாதுங்க."

எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் பேச்சு வரும். அந்தக் காகிதம் என் கையிலிருந்து போனால் அவள் கதை அவ்வளவுதான் என்று தெரிந்தது. லாக்கில் இருந்த 'வெற்றி' என்ற சொல்லின் யோக்கியதை அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வாயைத் திறந்துவைக்கும். அதன் பெயர் சாக்கெட். அதில் ஒரு செய்தியைப் போட்டு 'அனுப்பு' என்று புரோகிராம் சொல்லும். 'ஆச்சு' என்று பதில் வரும். அந்த 'ஆச்சு' எதிர்முனையிலிருந்து வருவது இல்லை. நம் மெஷினே நமக்குச் சொல்வது. செய்தியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் ஒரு பார்சலைக் கொடுத்துத் திருப்பூரில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்கிறோம். அவரும் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். பார்சல் கைமாறியது நிஜம். சேரவேண்டிய ஆளுக்குச் சேர்ந்ததா என்பது வேறு சமாசாரம். அந்த வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் கண்டக்டர் வாங்கிக்கொண்டதைப் பார்த்ததுமே பச்சை டிக் போட்டுவிட்டார்கள். இந்தத் தப்பைச் செய்யாதீர்கள் என்று சாக்கெட் சொல்லிக்கொடுக்கும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எல்லாரும் செய்வார்கள்.

அதை மட்டும் சொன்னால் போதாது. செய்தி சேராமல் போக வாய்ப்பிருக்கிறது என்று நான் சொன்னால், சேரவும் வாய்ப்பிருக்கிறதல்லவா என்று கேட்பார்கள். அன்றைக்கு ஏன் சேரவில்லை என்று காட்டியாகவேண்டும். செய்திகளை வாங்கி அனுப்பும் சர்வர் கம்பெனி மாடியில் யு.பி.எஸ்ஸில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒயர்கள் சரியாக இருந்தன. அங்கேயே உட்கார்ந்து இருபது தடவை செய்தி அனுப்பிப் பார்த்தேன். இருபதும் போய்ச் சேர்ந்தது. ஹெச்.ஆர். என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

மறுநாள் காலையில் தையல் பிரிவிலேயே போய் அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் லீவு. குழந்தையோடு இருந்தாள். என் வேலையெல்லாம் வழக்கமாக மாடியில் சர்வர் அறையில்தான். கீழே வந்தாலும் ஒரு ஸ்கிரீனை மாட்டிவிட்டு ஓடிவிடுவேன். அன்றைக்குத்தான் டீ நேரத்தில் முதல்முறையாக அங்கே இருந்தேன்.

மணி அடித்தது. தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து காண்டீன் பக்கம் போனார்கள். சூப்பர்வைசர் லைன் முடிவில் இருந்த பெட்டிக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மெஷின்கள் நின்றன, ஃபேன் நின்றது, லைட் அணைந்தது. என் கண்ணெதிரே அந்தச் சின்ன ஸ்கிரீனும் அணைந்தது.

"ஏனுங்க, இது தினமுமா பண்றீங்க?" என்றேன்.

"ஆமாங்க. முதலாளி ரூலுங்க. ஆளில்லாத நேரத்துல எதுவும் ஓடக் கூடாதுங்க. அவரு பழைய காலத்துல இருந்தே இப்படித்தானுங்க" என்றார். அவர் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஊரில் பாதிக் கம்பெனிகளில் இப்படித்தான். டீ என்றால் மெயின் இறங்கும். இதை எங்களிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மெயினை இறக்கினால் என்ன ஆகும்? முறையாக ஒரு இணைப்பை முடிக்கும் மெஷின், 'நான் கிளம்புகிறேன்' என்று எதிர்முனைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மூடும். எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்தவர் 'போய்ட்டு வர்றனுங்க' என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புவது மாதிரி. மின்சாரம் பொசுக்கென்று போனால் அதற்கு ஏது நேரம்? மாடியில் இருக்கும் சர்வர், கீழே எல்லாரும் இருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பேசாமல் இருப்பவனும் செத்துப்போனவனும் அதற்கு ஒன்றுதான். அந்த நேரத்தில் ஆயா அனுப்புவதை எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு 'ஆச்சு' என்று சொல்லும். டிக் விழும். டீ முடிந்து மெயினை ஏற்றியதும் ஸ்கிரீன் புதிதாக எழுந்து, புதிதாக ஓர் இணைப்பைத் திறக்கும். பையில் இருக்கும் பழைய செய்தி பழைய இணைப்பு வழியாக வந்து தட்டும். 'நீ யாரென்றே எனக்குத் தெரியாது' என்று ஸ்கிரீன் திருப்பி அனுப்பும். சர்வர் அந்தப் பையைச் செய்தியோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிடும். லாக்கில் 'வெற்றி' மட்டும் மிச்சம்.

டீ நேரத்தில் அம்மாக்கள் ஏன் கிரெச்சுக்கு எட்டிப் பார்ப்பதில்லை என்று ஆயாவிடம் கேட்டேன். "நாந்தானுங் கண்ணு வரவேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார். "மூஞ்சியக் காட்டீட்டுப் போயிருவாளுக. அப்பறம் அதுக அழுவுற அழுவைய யாரு தேத்தறது?" அதுவும் சரிதான். பால் குடிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் மட்டும்தான் வருவார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கலாம்.

அடுத்த நாள் அவள் வந்ததும் எல்லாரையும் கிரெச்சில் கூட்டினேன். சூப்பர்வைசரிடம் போய் அவளுடைய லைன் மெயினை இறக்கிவிட்டு வரச் சொன்னேன். பிறகு ஆயாவிடம், அவள் மகளின் படத்தைத் தொடச் சொன்னேன். தொட்டார். பச்சை டிக்.

"லைன்ல அவங்க ஸ்கிரீன் செத்துக் கெடக்குதுங்க" என்றேன் ஹெச்.ஆரிடம். "இது போயிருச்சுங்குது. மெயின ஏத்துனதும் போய்ப் பாருங்க, எழுத்து வராது."

போய்ப் பார்த்தார்கள். வரவில்லை.

ஆயா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அன்னிக்கு நாங் கூப்புட்டது யாருக்குமே கேக்குலியா கண்ணு?" என்று கேட்டார். இல்லைங்க ஆயா என்றேன். அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹெச்.ஆர். பெருந்தன்மையாக, "டெக்னிக்கல் இஷ்யூங்க, விட்ருங்க, என்கொயரி க்ளோஸ்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடினேன். அவள் என்னோடு படி வரைக்கும் வந்தாள்.

"அண்ணாச்சி என்ன சொல்லுதாரு தெரியுமாக்கா?" என்றாள். சூப்பர்வைசரைத்தான் சொன்னாள். "மெசேஜ் வரலங்கறது சரி, வந்திருந்தா மட்டும் எந்திரிச்சிருப்பாளான்னு லைன்ல சொல்லிட்டுப் போறாரு. எல்லாரும் தலையாட்டுதாங்க. நான் பாக்கலன்னு நீங்க சொல்லிட்டீங்க. பாத்திருந்தா ஓடிருப்பேன்னு யாருக்கா சொல்லுவா?"

 செய்தி வந்ததா இல்லையா என்பதை நான் நிரூபிக்க முடியும். வராத செய்திக்கு அவள் என்ன செய்திருப்பாள் என்பதை எந்த லாக்கில் போய்த் தேடுவது? அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மனசு கனமாகத்தான் இருந்தது.

என் கையில் இருந்தது புரோகிராம். அதைத் திருத்தினேன். சர்வர் ஒவ்வொரு ஸ்கிரீனையும் சில விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேட்கும். 'இருக்கிறேன்' வராவிட்டால் அந்த ஸ்கிரீன் இல்லை என்று ஆயாவுக்குத் தெரியும். இன்னொன்று, செய்தி போனதும் டிக் விழாது. ஆயாவின் ஸ்கிரீனில் அந்தக் குழந்தையின் படத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் நிற்கும். அம்மா தன் ஸ்கிரீனில் 'வருகிறேன்' என்ற பட்டனைத் தொட்டால்தான் பச்சையாகும். தொடும்வரை பீப் அடித்துக்கொண்டே இருக்கும், சூப்பர்வைசரின் மேஜையிலும் அடிக்கும். ஆயா, அவள், சூப்பர்வைசர் மூவரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். பட்டனைத் தொடாமல் நகரக் கூடாது, தொட்டால்தான் ஆயாவுக்குத் தெரியும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

சில வாரம் கழித்து, வேறொரு லைனுக்கு ஸ்கிரீன் மாட்டப் போயிருந்தேன். நடைபாதையில் சூப்பர்வைசரோடு பேசிக்கொண்டிருந்தபோது பீப் அடித்தது. அவளுடைய மெஷின்.

அவள் நிமிர்ந்தாள். எழுத்தைப் பார்த்தாள். பட்டனைத் தொடவில்லை. ஊசிக்கு அடியில் துணியை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டூல் பின்னால் சாய, தைக்க அடுக்கிவைத்திருந்த துணித்துண்டுக் கட்டு காலில் தட்டிச் சிதற, வெறுங்காலோடு ஓடினாள். எதிரே டிராலி தள்ளிக்கொண்டு வந்த ஒடிசாக்காரப் பையன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"பட்டனுங்க! பட்டனத் தொட்டுட்டுப் போங்க!" என்று சூப்பர்வைசர் கத்தினார். கேட்டிருந்தால்தானே.

நாங்களும் பின்னால் போனோம். குழந்தை விளையாட்டுச் சாமானில் இடறி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது. பெரிய காயம் இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தாள். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. அவள் தலைக்கு மேலே ஆயாவின் ஸ்கிரீனில் சிவப்புக் கட்டம் அணையாமல் நின்றது, 'அம்மாவிடமிருந்து பதில் இல்லை' என்று. நான் எழுதிய வாசகம்தான். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சூப்பர்வைசர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். 

"அன்னைக்கும் மெசேஜ் வந்திருந்தா இப்படித்தானுங்க ஓடியிருப்பாங்க" என்றார்.

"என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப் போவுது?" என்றேன்.

தயங்கினார். பிறகு உள்ளே போனார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அவள் முன்னால் நின்று, ஆயாவும் கேட்கும்படி, அதையே திரும்பச் சொன்னார்.  ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

 அவள் முந்தானையால் குழந்தையின் உதட்டில் வந்த ரத்தத்தை ஒற்றி எடுத்தாள். அவள் முகம் மன்னித்ததாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை.

"கேட்டுச்சுண்ணே" என்றாள்.